கேட்டில் ஒட்டும் ஸ்டிக்கர்

ஆகஸ்ட் 4, திங்கள்

காலை ஆறரைக்கே வெயில். கரண்ட் இல்லை. என் ஃபோனில் சார்ஜ் பதினெட்டு, அதுவும் வயரை ஒரு பக்கமாக மடக்கிப் பிடித்தால்தான் ஏறும்.

நேற்று வீட்டில் நடந்ததை முதலில் எழுதி வைக்கிறேன். பின்னால் யாரும் மாற்றிப் பேசக் கூடாது. பாபு சார் ஃபோன் செய்தார். லேபர் கான்ட்ராக்டர், ஆறு வருஷம் என்னைக் கம்பெனியில் லைன் வேலைக்கு அனுப்பியவர். மார்ச்சில் "பிரேக்" என்று சொல்லி எங்களை எல்லாம் நிறுத்தினார்களே, இப்போது மறுபடி ஆள் எடுக்கிறார்களாம். வரும் திங்கள் ஜாயினிங். பழைய ஆள் என்பதால் என் பெயரை அவரே லிஸ்டில் போட்டுவிட்டாராம். என்னைக் கேட்கவில்லை.

அத்தைக்கு வாயெல்லாம் பல். "வூட்ல குந்திகினு போன நோண்டறதுக்குப் பேரு வேலயா? கம்பெனி பஸ்ஸு தெருமுனைக்கே வந்து இட்டுகினு போவுது, இவளுக்கு வலிக்குது" என்றார். அவர் மகன், என் வீட்டுக்காரர் சுரேஷ், சாப்பாட்டுத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பேச வேண்டிய நேரத்தில் எல்லாம் அவருக்குச் சாம்பாரில் ஏதோ தெரியும்.

கோபத்தில் நானே வாயைக் கொடுத்தேன். மாதாமாதம் என்னிடமே விளம்பர வீடியோ எடுத்துக்கொள்கிற கடை ஒன்றாவது சனிக்கிழமைக்குள் பிடிக்கிறேன். பிடிக்கவில்லை என்றால் திங்கள் காலை பழைய யூனிஃபார்மை மாட்டிக்கொண்டு பஸ் ஏறுகிறேன். அத்தை எழுந்து போய்க் காலண்டரில் சனிக்கிழமையைப் பேனாவால் சுழித்துவிட்டு வந்தார்.

இதுவரை நான் வீடியோ எடுத்த கடைகள்:
- படப்பை ஜூஸ் கடை. ஒன்று எடுத்தேன். அப்புறம் பேச்சே இல்லை.
- பஞ்சர் கடை. இப்போது அவர் மச்சானே எடுக்கிறாராம். டயரைத் தலைகீழாக எடுத்துப் போட்டிருக்கிறார்.
- பியூட்டி பார்லர். "டிவில பேசற பொண்ணு மாதிரி பேசுங்க" என்றார்கள். எனக்கு அந்தப் பேச்சு வராது. வரவும் வேண்டாம்.

இன்று ஸ்டெல்லா அக்கா கடை. ஒரகடம் ஜங்ஷன் தாண்டி, லேடீஸ் ஹாஸ்டல்களுக்கு எதிர் வரிசை. இரண்டு தையல் மெஷின், ஒரு ஃபேன், சுவரில் ஒரு சிலுவை. கம்பெனியில் சேருகிற பெண்கள் முதல் வாரம் அங்கே போகாமல் முடியாது. கம்பெனி தருகிற சட்டையும் பேன்ட்டும் ஆம்பளை அளவு. நானும் சேர்ந்த புதிதில் இரண்டு கையாலும் இடுப்பைப் பிடித்துக்கொண்டுதான் அக்காவிடம் போனேன். அன்றிலிருந்து பழக்கம்.

அக்கா: "வீடியோ நல்லா வந்து பத்து பேரு கடைக்கு வந்தாங்கன்னு வெச்சிக்கோ, இந்த வரிசைல கீற மெஸ்ஸுக்காரன், மொபைல் கடைக்காரன் எல்லாரையும் நான் உன்னாண்ட இட்டாரேன்."

ஆக எல்லாம் இந்த ஒரு வீடியோவில் இருக்கிறது.

என் ஃபோன் செத்துப்போனதால் சுரேஷ் ஃபோனை எடுத்துப் போனேன். அவரும் கம்பெனி ஆள்தான், இந்த வாரம் நைட் ஷிஃப்ட், பகலில் தூக்கம். இரண்டு மணி நேரம் எடுத்தேன். கத்தரிக்கோல் ஓடுவது, ஊசி இறங்குவது, பாபினில் நூல் சுற்றுவது, எல்லாம் கிட்டக் கிட்ட வைத்து.

வீட்டுக்கு வந்து பார்த்தால் அத்தனை கிளிப்பும் புகை. மார்கழிக் காலையில் பனி இறங்கின மாதிரி. ஸ்டெல்லா அக்கா சொர்க்கத்தில் உட்கார்ந்து தைக்கிறார்.

அப்புறம்தான் புரிந்தது. ஸ்டிக்கர் பசை. கம்பெனி கேட்டில் உள்ளே போகும்போது செக்யூரிட்டி நம் ஃபோனை வாங்கி, கேமரா மேல் முன்னால் ஒன்று பின்னால் ஒன்று, ஆரஞ்சு வட்ட ஸ்டிக்கர் ஒட்டுவார். உள்ளே யாரும் படம் எடுத்துவிடக் கூடாது. வெளியே வரும்போது அது பிரியாமல் இருக்கிறதா என்று பார்த்துத்தான் விடுவார்கள். பிறகு பிய்த்து எங்கேயாவது ஒட்டிவிடுவோம். பஸ் சீட்டு முதுகில், பைக் டேங்கில், ஹாஸ்டல் கதவில். இந்தப் பக்கம் எந்தச் சுவரைப் பார்த்தாலும் அந்த ஆரஞ்சு வட்டம்தான். பிய்த்தாலும் லென்ஸில் பசை நிற்கும். ஆறு வருஷம் அதைத் துப்பட்டாவால் துடைத்தவள் நான். இன்று துடைக்க மறந்தேன்.

லைனில் என் வேலையே கண்ணால் பார்த்து கெட்டுப்போன பீஸைத் தள்ளுவது. என்ஜி என்போம், நோ குட். இன்று நானே என்ஜி. ஒரு நாள் வீண்.


ஆகஸ்ட் 5, செவ்வாய்

வெயில், புழுக்கம். மொபைல் கடைக்காரர் என் ஃபோனின் சார்ஜ் ஓட்டையை ஊக்கால் நோண்டி ஒரு கைப்பிடி பஞ்சு எடுத்தார். இப்போது ஒழுங்காக ஏறுகிறது. இத்தனை நாள் வயரைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

மறுபடி ஸ்டெல்லா அக்கா கடை. லென்ஸைத் துடைத்தேன். இரண்டு முறை.

தெருவில் அம்மன் கோயிலில் கூழ் ஊற்றுகிறார்கள், ஸ்பீக்கர் கடைக்கு நேர் எதிரே. ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்குவதற்குள் பேசி முடிக்க வேண்டும். அக்கா ஒவ்வொரு முறையும் வாயைத் திறக்க, உடுக்கை ஆரம்பிக்கும். "ஆடி மாசம் முடியட்டும்டி, அப்பால பேசிக்கலாம்" என்றார். எனக்கு ஆடி முடிகிற வரைக்கும் நேரம் இல்லை அக்கா.

மூன்று மணிக்கு ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் முடிந்து ஒரு பெண் நேராக வந்தாள். இசக்கியம்மாள், திருநெல்வேலி பக்கம், வந்து பத்து நாள்தான். நான் வேலை செய்த அதே கம்பெனி, அதே பாபு சார் ஆள். பேன்ட்டை இடுப்பில் ஒரு ரப்பர் பேண்டு போட்டு முடிந்து வைத்திருந்தாள். வீடியோவில் வருகிறாயா என்று கேட்டேன். "வாரேன்க்கா, எங்க ஊர்ல எல்லாரும் பாப்பாவ" என்றாள், முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள்.

எடுத்ததில் நல்லது, அப்படியே எழுதி வைக்கிறேன்:

இசக்கி: "யக்கா, இந்த பேன்டுக்குள்ள நானும் எங்க தங்கச்சியும் சேந்து நிக்கலாம். நேத்து டிராலி சக்கரத்துல மாட்டி விழப் பாத்தேன்."

அக்கா: "குடுக்கும்போது அளவு கேட்டாங்களா?"

இசக்கி: "எங்க கேட்டாவ? பண்டல்ல இருந்து உருவி கையில திணிச்சாவ."

அக்கா (பல்லில் நூலைக் கடித்துக்கொண்டே): "திரும்பு. கைய தூக்கு. ஆண்டவரே, இத்த தச்சவன் பொம்பளையப் பாத்ததே இல்ல போலக் கீது."

இதைச் சொன்ன நேரம் ஸ்பீக்கர் தானாக நின்றிருந்தது. அம்மன் புண்ணியம். நான் சிரித்து ஃபோன் ஆடிவிட்டது, அந்த ஆட்டத்தை வெட்டவில்லை.

இருபது நிமிஷத்தில் அக்கா பிடித்துத் தைத்துக் கொடுத்தார். இசக்கி போட்டுக்கொண்டு வந்து ஒரு சுற்று சுற்றினாள். கடைசி ஷாட் அதுதான். முகத்தில் ஒரு சந்தோஷம், அதைச் சொல்லிக்கொடுத்து வாங்க முடியாது.

மாலை எடிட்டிங். நாற்பது கிளிப், எடுத்துக்கொண்டது ஒன்பது. பாட்டு போடவில்லை, மெஷின் சத்தமே போதும். என் வாய்ஸைத் தலைக்கு மேல் போர்வை போர்த்திக்கொண்டு பதிவு செய்தேன், இல்லாவிட்டால் லாரி ஹாரன் எல்லாம் விழும். அத்தை எட்டிப் பார்த்துவிட்டு, "காத்து கருப்பு அடிச்ச மாதிரி குந்தினு கீறா பாரு" என்று பக்கத்து வீட்டில் சொன்னது போர்வைக்குள் நன்றாகவே கேட்டது. அதுவும் பதிவாகிவிட்டது. அழித்தேன்.


ஆகஸ்ட் 6, புதன்

காலை ஏழுக்கு ஏற்றினேன். நைட் ஷிஃப்ட் முடிந்து திரும்புகிற பஸ்ஸில் எல்லாரும் ஃபோன் பார்க்கிற நேரம் அதுதான். மேலே எழுதியது: "இடுப்புல கை வெச்சிகினே வேலை செய்றீங்களா?"

பத்து மணிவரை ஒன்றுமில்லை. ரேஷனுக்குப் போனேன், பருப்பு வரவில்லை. வந்து பார்த்தால் ஃபோன் சூடு. கமென்ட் வந்துகொண்டே இருக்கிறது.

"எங்க கம்பெனியிலயும் இதே கதை தாங்க."
"என் சட்டைல இன்னொரு ஆளு வாடகைக்கு இருக்கலாம்."
"தச்சவன் பொம்பளையப் பாத்ததே இல்ல, ஹாஹா."
"அக்கா கடை எங்க கீது?"

கடை எங்க கீது. இந்த ஒரு கேள்விக்குத்தானே வீடியோ எடுப்பது.

மத்தியானம் அக்கா ஃபோன்: "தேவகி, எட்டு பேரு வந்துட்டாளுங்கடி. ஹூக்கு தீந்து போச்சு. மெஸ்ஸுக்காரன் உன் நம்பர் கேட்டான், குடுத்துட்டேன்."

மெஸ்காரர் மாலை பேசினார். சனிக்கிழமை வந்து பாருங்கள், மாதம் நான்கு வீடியோ என்று பேசிக்கொள்ளலாம் என்றார். வாசலில் நின்று இரண்டு நிமிஷம் சும்மா சிரித்தேன். என்னைப் பார்த்துப் பால்காரரும் சிரித்தார், காரணம் தெரியாமல்.

அத்தை டிவி பார்ப்பதாகப் பெயர், கையில் சுரேஷ் ஃபோன். அதிலிருந்து ஸ்டெல்லா அக்கா குரல் வருகிறது, "திரும்பு, கைய தூக்கு" என்று. என்னைப் பார்த்ததும் ஃபோனைத் தலையணைக்குக் கீழே தள்ளினார். குரல் தலையணைக்குள்ளிருந்து தொடர்ந்தது.


ஆகஸ்ட் 7, வியாழன்

எழுதவே கை வரவில்லை. எழுதுகிறேன்.

பதினொன்றரைக்கு இசக்கி ஃபோன். டீ பிரேக்கில் பாத்ரூமிலிருந்து பேசுகிறாள், குரல் எதிரொலிக்கிறது. "யக்கா, அந்த வீடியோல என் சட்டைல கம்பெனி பேரு அப்படியே தெரியுதாம். கழுத்துல கார்டும் தெரியுதாம். சூப்பர்வைசரு எல்லாத்துக்கும் முன்னாடி போட்டுக் காட்டிட்டாரு. கம்பெனிய அசிங்கப்படுத்திட்டேன்னு சொல்லுதாவ. நாளைக்குக் காலைல அந்த வீடியோ இருந்துச்சுன்னா கேட்லயே நின்னுக்கோன்னு பாபு சார் சொல்லிட்டாருக்கா."

வீடியோவைத் திறந்து பார்த்தேன். ஆமாம். அவள் சுற்றுகிற அந்தக் கடைசி ஷாட்டில், நெஞ்சில் கம்பெனி லோகோ பளிச்சென்று, கழுத்தில் அடையாள அட்டை, அதில் அவள் பெயர். முகத்தைப் பார்த்தேன், சந்தோஷத்தைப் பார்த்தேன். சட்டையைப் பார்க்கவில்லை. ஆறு வருஷம் அரிசி அளவு கீறலைக் கண்டுபிடித்த கண் இது.

"அழிச்சிருங்கக்கா. வேல போச்சுன்னா நான் ஊருக்குத்தான் போவணும்" என்றாள். அப்புறம், "ஆனா நான் ஒண்ணும் பொய் சொல்லலியேக்கா?" என்றாள்.

"இல்லம்மா. நீ சொன்னது நெசம்" என்றேன். வைத்துவிட்டாள்.

இரண்டு மணிக்குப் பாபு சாரே பேசினார். "இன்னாம்மா தேவகி, கம்பெனி சட்டையப் போட்டுகினு இன்னா படம் காட்டறீங்க? டெலிட் பண்ணிடு. அந்தப் பொண்ணு பொழச்சிக்கும். நீயும் திங்கக்கெழம வந்துடு, உன்ன உக்காந்து பாக்கற லைன்ல போடறேன்."

உட்கார்ந்து பார்க்கிற லைன். ஆறு வருஷம் நின்றே வேலை செய்து, காலில் நரம்பு முடிச்சு முடிச்சாகப் புடைத்துக்கொண்டபோது, அதைத்தான் கேட்டேன். மூன்று முறை கேட்டேன். அப்போதெல்லாம் அது இல்லை. இப்போது ஒரு வீடியோவுக்கு அது வந்துவிட்டது. பொய் சொல்வானேன், ஒரு நிமிஷம் ஆசையாகத்தான் இருந்தது.

"சார், திங்கக்கெழம வந்தா அளவெடுத்து சட்டை குடுப்பாங்களா?" என்று கேட்டேன்.

"இன்னாது?"

"யூனிஃபார்ம் சார். எனக்கு, அந்தப் பொண்ணுக்கு. அளவெடுத்து."

"வாயி ஜாஸ்தியாயிடுச்சு உனக்கு" என்று வைத்துவிட்டார்.

மாலை நான்கு மணிக்கு வீடியோவை அழித்தேன். இசக்கிக்காக. பாபுவுக்காக இல்லை, அதைத் தெளிவாக எழுதி வைக்கிறேன். இந்த ஆப்பில் ஏற்றின வீடியோவில் லோகோவை மட்டும் மறைக்க வழி கிடையாது. முழுவதும் போக வேண்டும். பார்த்தவர்கள், கமென்ட், கடை எங்க கீது, எல்லாம் ஒரே தட்டில் போயிற்று.

மெஸ்காரர் ஆறு மணிக்குப் பேசினார். "ஏதோ கம்பெனி பிரச்சனையாமே. என் மெஸ்ல சாப்பிடறது பூரா கம்பெனி ஆளுங்கம்மா. கொஞ்ச நாள் போவட்டும்."

அத்தை காலண்டர் பக்கம் பார்த்தார், என்னைப் பார்த்தார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.


ஆகஸ்ட் 8, வெள்ளி

தூறல். வாசல் கோலம் கரைந்துவிட்டது.

இசக்கியின் மெசேஜ், ஐந்தரை மணிக்கே: "உள்ள விட்டுட்டாவ." அவ்வளவுதான். ஸ்டிக்கர் ஒட்டுவதற்கு முன்னால், கேட்டில் நின்றபடி அனுப்பியிருப்பாள்.

ஏழு மணிக்கு நைட் ஷிஃப்ட் முடிந்து சுரேஷ் வந்தார். பைக்கை நிறுத்திவிட்டு, தினமும் செய்வதைச் செய்தார். ஃபோன் பின்பக்கத்தில் நகத்தை விட்டு ஆரஞ்சு ஸ்டிக்கரைக் கிளப்பி, டேங்கில் ஒட்டக் கையைக் கொண்டுபோனார். அந்த டேங்கில் ஏற்கெனவே முப்பது வட்டம் இருக்கும்.

நான் பால் பாத்திரத்தோடு நின்றுகொண்டிருந்தேன். ஆறு வருஷம் என் கேமரா மேல் இதை ஒட்டினார்கள். நான் எதையும் காட்டிவிடக் கூடாது என்று. சரி. மறைப்பதுதான் முறை என்றால் நானும் மறைக்கிறேன்.

"அத்த ஒட்டாதீங்க. குடுங்க" என்றேன்.

"இன்னாத்துக்கு?"

"குடுங்க சொல்றேன்."

இந்த நோட்டில் ஒட்டிப் படம் எடுத்தேன். இந்தப் பக்கத்தின் ஓரத்தில் இருப்பது அதுதான். பின்னணியை வெட்டி, எடிட்டிங் ஆப்பில் ஸ்டிக்கராக மாற்றினேன். அந்த ஆப் தருகிற ஸ்டிக்கர் எல்லாம் இதயம், பூ, பட்டாம்பூச்சி. எனக்கு எதற்கு பட்டாம்பூச்சி.

ஆனால் இசக்கியை மறுபடி போட முடியாது. சட்டையை மறைக்கலாம், முகத்தை மறைக்கலாம். அந்தத் திருநெல்வேலிப் பேச்சை எதை ஒட்டி மறைப்பது? அவள் வாயைத் திறந்தாலே லைனில் எல்லாருக்கும் தெரியும்.

அப்போது யார் அந்தச் சட்டைக்குள் நிற்பது?

பீரோவைத் திறந்தேன். என் பழைய செட் அடியில் இருந்தது. மார்ச்சில் நிறுத்தியபோது யூனிஃபார்மைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னார்கள், கொண்டுபோனேன். "ஆல்டர் பண்ணதெல்லாம் நாங்க திருப்பி வாங்க மாட்டோம்" என்று தூக்கிப் போட்டுவிட்டார்கள். அதைப் போட்டுக்கொண்டு அறையை விட்டு வெளியே வந்தேன். அத்தை என்னைப் பார்த்து, "அப்பாடா, இப்பவாச்சும் புத்தி வந்துதே" என்று எழுந்து நின்றுவிட்டார். கண்ணே கலங்கிவிட்டது அவருக்கு. கடைக்குப் போகிறேன் அத்தை, வீடியோ எடுக்க என்றேன். மறுபடி உட்கார்ந்தார். பாவம், வருத்தமாகத்தான் இருந்தது.

ஸ்டெல்லா அக்காவிடம் விஷயத்தைச் சொன்னேன். என் பேன்ட் இப்போது அளவாக இருக்கிறது, காரணம் அக்காவின் தையல். அது கம்பெனி கொடுத்த அளவுக்கே மறுபடி போக வேண்டும். அதற்குப் பழைய தையலைப் பிரிக்க வேண்டும், கேமரா முன்னால்.

"என் தையல நானே பிரிக்கணுமா? நல்லா கீதுடி உன் நாயம்" என்றார். ஆனாலும் பிளேடை எடுத்துவிட்டார். பிரிக்கப் பிரிக்க முணுமுணுப்பு. "பாரு எப்டிப் புட்ச்சிகினு கீது. ரெட்டைத் தையல். ஆறு வருசம் தொவச்சி நூலு அசையல பாரு." அதையும் எடுத்தேன். தன் வேலையைத் தானே பிரித்துக்கொண்டு பெருமைப்படுகிற ஒரு தையல்காரி. இதைவிட நல்ல விளம்பரம் எனக்குத் தெரியாது.

பிறகு ஃபோனை நூல் பெட்டி மேல் சாய்த்து வைத்துவிட்டு நானே முன்னால் போய் நின்றேன். இத்தனை வீடியோ எடுத்திருக்கிறேன், ஒன்றில்கூட என் முகம் கிடையாது. இடுப்புத் துணியை இரண்டு கையாலும் அள்ளிப் பிடித்தேன், அவ்வளவு இருந்தது. பேசியது:

"ஆறு வருசம் இந்த பேன்ட்டுக்குள்ள நின்னு வேலை செஞ்சேன். அளவு கேக்காம குடுத்தாங்க. இந்த அக்காதான் எனக்கு அளவா ஆக்கிக் குடுத்தாங்க. எந்த கம்பெனின்னு கேக்காதீங்க. ஸ்டிக்கர் ஒட்டிக் கீது, பாத்துக்கோங்க."

டிவியில் பேசுகிற பெண் மாதிரி இல்லை. எங்கள் ஊர் வடக்குப்பட்டில் பேசுகிற பெண் மாதிரி இருந்தது.

வீட்டில் எடிட்டிங். சட்டை லோகோ மேல் ஆரஞ்சு வட்டம். நான் நகர்ந்தால் அதுவும் நகர வேண்டும், ஃப்ரேம் ஃப்ரேமாக இழுத்து வைத்தேன். சுரேஷ் தூங்கி எழுந்து வந்து தோளுக்குப் பின்னால் நின்று முழுவதும் பார்த்தார்.

"இத்தப் போட்டா பாபு உன்ன இனிமே எந்த கம்பெனிலயும் சேக்க மாட்டான். தெரியுமில்ல?"

"தெரியும்."

தெரியும்தான். லிஸ்டில் பெயர் இருக்கிறது என்பது ஒரு தைரியம். இங்கே தோற்றாலும் அங்கே போய் நின்றுகொள்ளலாம். இதைப் போட்டால் நிற்பதற்கு இடம் இல்லை. ஆனால் ஒருத்தி பாத்ரூமில் நின்று நான் பொய் சொல்லலியே என்று கேட்டாள். அதற்கு நான் நெசம் என்று ஃபோனில் மட்டும் சொல்லிவிட்டு வீட்டில் உட்கார்ந்திருந்தால் எனக்குச் சோறு இறங்காது.

சுரேஷ் இன்னும் பார்த்துக்கொண்டிருந்தார். "அந்த ஸ்டிக்கர கொஞ்சம் பெருசு பண்ணு. நீ திரும்பும்போது லோகோ ஓரம் தெரியுது" என்றார்.

பெரிதாக்கினேன். ஐந்து மணிக்கு ஏற்றினேன்.


ஆகஸ்ட் 9, சனி

வெயில் மறுபடி. அத்தை சுழித்த நாள்.

எட்டு மணிக்குப் பாபு. நான் ஹலோ சொல்வதற்குள் அவரே ஆரம்பித்தார்.

"இன்னா நெனச்சிகினு கீற? ஸ்டிக்கர் ஒட்னா எந்த கம்பெனின்னு தெரியாதா? எல்லாருக்கும் தெரியும்."

"தெரிஞ்சா நான் இன்னா சார் பண்றது. நான் பேரு சொல்லலியே."

"லிஸ்ட்ல உன் பேர எடுத்தாச்சு. இனிமே இந்தப் பக்கம் எவன்கிட்டயும் போயி நிக்காத."

"சரி சார். அந்தப் பொண்ண ஒண்ணும் பண்ணாதீங்க, அது இந்த வீடியோல இல்ல. நான்தான் கீறேன்."

வைத்துவிட்டார். அடுப்பில் இட்லி. மூடியைத் திறந்து பார்த்தேன், வெந்திருந்தது. அத்தை எல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். "அப்ப திங்கக்கெழம இல்லியா?" என்றார். இல்லை என்றேன். "கட கெடச்சுதா?" இல்லை என்றேன். நான்கு இட்லி எடுத்துக்கொண்டு போய் டிவி முன்னால் உட்கார்ந்துவிட்டார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. வாக்குக் கொடுத்தது நான்.

வீடியோ ஓடுகிறது. பழையது அளவுக்கு இல்லை, அதில் பாதி இருக்கும். கமென்டில் முக்கால்வாசி பேர் எழுத்தே எழுதவில்லை. வெறும் ஆரஞ்சு வட்டம். ஒன்றன் கீழ் ஒன்றாக வட்டம், வட்டம், வட்டம். வெளியூர் ஆள் ஒருவர், "இதுக்கு என்ன அர்த்தம்?" என்று கேட்டிருக்கிறார். அதற்கும் யாரோ வட்டமே போட்டுவிட்டார்கள்.

மத்தியானம் மெஸ்காரரிடம் நேரில் போய்க் கேட்டேன். பார்க்கலாம் என்றார். மொபைல் கடைக்காரர் சார்ஜர் எப்படி இருக்கிறது என்று கேட்டார். ஜூஸ் கடைக்காரர் ஃபோனை எடுக்கவில்லை.

மூன்றரைக்கு ஸ்டெல்லா அக்கா கடை. ஸ்டூலில் உட்கார்ந்து சொன்னேன், ஒரு கடையும் கிடைக்கவில்லை அக்கா, வீட்டில் என்ன சொல்வது என்று தெரியவில்லை.

அக்கா மெஷினை நிறுத்தினார். "ஊர்ல கீற கடையெல்லாம் எண்ற. இது இன்னா, கட இல்லியா? மாட்டுக் கொட்டாயா?"

"உங்கள எப்பிடிக்கா கணக்குல..."

"மாசம் நாலு வீடியோ. எழுதிக்கோ. உங்க மாமியாராண்ட நான் பேசறேன், நம்பரப் போடு."

போட்டுக் கொடுத்தேன். இரண்டு பேரும் பத்து நிமிஷம் பேசினார்கள், அதில் எட்டு நிமிஷம் ரவிக்கைத் துணி பற்றி. கடைசியில் அத்தை சொன்னது எனக்கே கேட்டது: "அந்த பொம்பளையப் பாத்ததே இல்லன்னு சொன்னது நீதானாம்மா? நான் அத்த பத்து வாட்டி பாத்தேன்."

ஃபோனை வாங்கி வைக்கிறேன், ஷிஃப்ட் பஸ் வந்து நின்றது. நான்கு பெண்கள் இறங்கி நேராகக் கடைக்கு வந்தார்கள். ஆளுக்கொரு பிளாஸ்டிக் கவர், உள்ளே பேன்ட். ஒருத்தியையும் எனக்குத் தெரியாது. இசக்கிக்கு இன்று ஓவர்டைம், உள்ளே இருக்கிறாளாம்.

நான்கு பேர் சட்டையிலும் நெஞ்சில், லோகோ இருக்க வேண்டிய இடத்தில், ஆரஞ்சு வட்டம். ஃபோனிலிருந்து பிய்த்து ஒட்டியது. ஒருத்திக்கு ஓரம் மடங்கியிருந்தது, கட்டைவிரலால் அழுத்திக்கொண்டாள். அடையாள அட்டையைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

"இசக்கி சொல்லி அனுப்ச்சா. பஸ்லயே ஒட்டிகினு வந்துட்டோம்க்கா. எடுக்கிறீங்களா?"

முந்தானையால் லென்ஸைத் துடைத்தேன். பசை எதுவும் இல்லை.